டப்பாவும் பாட்டிலும் ஒன்று என்று சொன்னேன்

சுகாதாரக் கல்வி வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்குச் சொல்ல என்னிடம் வெற்றிக் கதைகளும் சில உண்டு. அவற்றை என் பிரிவு உபசார விழாவில் மற்றவர்களே சொல்லிவிட்டார்கள். அன்று மேடையில் யாரும் சொல்லாத ஒன்றை, நானும் சொல்லாமல் மாலையை வாங்கிக்கொண்டு இறங்கிய ஒன்றை, இங்கே எழுதுகிறேன். படித்து முடித்ததும் என்மேல் உங்களுக்குள்ள மதிப்பு குறையலாம். குறையட்டும்.

நான் வேதியியலில் முதுகலை படித்தவன். பிறகு உணவூட்டவியலும் படித்தேன். பணியின் கடைசி ஏழு ஆண்டுகள் கொல்லிமலையில் கழிந்தன. வீடு அடிவாரத்தில், காரவள்ளிக்குப் பக்கத்தில். காலை பஸ்ஸில் எழுபது வளைவுகள் ஏறிப் போய், மாலையில் இறங்கி வருவேன். எதைச் சாப்பிடலாம், எதைச் சாப்பிடக் கூடாது என்று ஊர் ஊராகப் பேசுவதுதான் என் வேலை.

அந்த வருடங்களில் மலையில் சர்க்கரை நோயாளிகள் கூடிக்கொண்டே போனார்கள். சோளக்காட்டுச் சந்தையில் மிளகுக்கும் பலாப்பழத்துக்கும் நடுவில் கலர் பாட்டில்கள் அடுக்கியிருக்கும். வீட்டுக்கு வருகிறவர்களுக்குக் காப்பி கொடுப்பதைவிட ஒரு பாட்டிலைத் திறந்து கொடுப்பது மரியாதை என்றாகியிருந்தது. அதே கடைகளின் மேல்தட்டில், சுற்றுலா விடுதிச் சமையல்காரர்களுக்காகப் பட்டாணி, பீன்ஸ், காளான் அடைத்த டப்பாக்கள் தூசி படிந்து நிற்கும். ஊர்க்காரர்கள் அவற்றை வாங்குவதில்லை.

மலையில் திருப்புலி நாடு என்கிற பகுதியில் ஓர் ஊரில் முதல் கூட்டம் போட்டேன். பெரிய அட்டையில் கட்டம் போட்டு, ஒரு பக்கம் டப்பாப் பட்டாணி, மறுபக்கம் ஆரஞ்சு நிறக் குளிர்பானம் என்று எழுதியிருந்தேன். டப்பாவில் அடைக்கும்போது சூட்டில் சில வைட்டமின்கள் குறைகின்றன. ஆனால் நாரும் புரதமும் இரும்பும் பெரும்பாலும் தங்கிவிடுகின்றன. உப்புதான் அதிகம். தண்ணீரை வடித்துவிட்டு நன்றாகக் கழுவினால் அதிலும் ஒரு பங்கு போய்விடும். குளிர்பானத்திலோ தண்ணீர், சர்க்கரை, புளிப்பு, நிறம், வாயு. சின்ன பாட்டிலிலேயே ஆறேழு தேக்கரண்டி சர்க்கரை. நாரும் இல்லை, புரதமும் இல்லை. இவ்வளவையும் முக்கால் மணி நேரம் விளக்கினேன். பாதிப்பேர் தூங்கிவிட்டார்கள்.

முடிவில் ஒருவர் எழுந்தார். பெயர் வெள்ளையன். ஐம்பது வயது, மிளகு பறிப்பவர். சில்வர் ஓக் மரத்தில் ஒற்றை மூங்கிலைச் சாய்த்து, அதன் கணுவில் கால் கட்டைவிரலை ஊன்றி, கொடி படர்ந்த உயரம் வரை ஏறுவார். அந்த ஊரில் அவ்வளவு உயரம் ஏறுகிறவர்கள் மூன்றே பேர். அவருக்குச் சர்க்கரை நோய் இருப்பது அந்த வருடம்தான் தெரியவந்திருந்தது.

“எல்லாஞ் சரிங்க சார். கடைசியா என்ன சொல்றீங்க? திங்கலாமா, வேண்டாமுங்களா?”

“அது நீங்க எவ்வளவு சாப்பிடறீங்க, எப்படிச் சாப்பிடறீங்கங்கறதைப் பொறுத்தது” என்றேன்.

“பொறுத்ததுங்களா? அப்போ பொறுத்துக்கிட்டு ஊட்டுக்குப் போறேனுங்க” என்றார். ஊரே சிரித்தது. நான் அட்டையைச் சுருட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.

நாற்பதாவது வளைவில் பஸ் திரும்பும்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. இந்த இரண்டுமே கீழேயிருந்து ஒரே லாரியில்தானே ஏறி வருகின்றன? அடுத்த கூட்டத்துக்கு அட்டையை எடுத்துப் போகவில்லை. ஒரு டப்பாவையும் ஒரு பாட்டிலையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். “மலையில் விளைவது சாப்பாடு. காரவள்ளியிலிருந்து லாரி ஏறி வருவது நோய். டப்பாவும் பாட்டிலும் ஒன்று” என்றேன். அவ்வளவுதான் பேச்சு. ஐந்து நிமிடம்.

யாரும் தூங்கவில்லை. வெள்ளையன் உட்கார்ந்த இடத்திலிருந்தே குரல் கொடுத்தார்.

“எம்பொண்டாட்டி நேத்து அவ அக்கா ஊட்டுக்குப் போயிட்டு லாரியிலதானுங்க ஏறி வந்தா. அவளும் நோவுங்களா?”

அவர் மனைவி பாப்பாத்தி திரும்பிப் பார்த்தார். “இந்த ஊருக்கு நோவு யாருன்னு எல்லாத்துக்கும் தெரியும். வாய மூடிக்கிட்டு உக்காருய்யா.”

கூட்டம் களைகட்டிவிட்டது. இதற்குப் பெயர்தான் பேச்சு என்று நினைத்தேன்.

அந்த மலையில் ஊர்க்கூட்டம் கூடி ஒன்றை முடிவு செய்தால் அது கட்டுப்பாடு. ஊருக்குத் தலைவராக இருக்கும் ஊர்க்கவுண்டர் அதை அறிவிப்பார். அதன் பிறகு கோயில் விருந்தானாலும் கல்யாணச் சமையலானாலும், பொதுவில் எரிகிற அடுப்பு எதிலும் அதை மீற மாட்டார்கள். அவரவர் வீட்டு அடுப்பில் என்ன வேகிறது என்று ஊர் கேட்காது. கட்டுப்பாட்டை எடுக்க வேண்டுமென்றால், அதைக் கேட்டு வாங்கியவரே கூட்டத்தில் எழுந்து வேண்டாம் என்று சொல்ல வேண்டும்.

நான் கட்டுப்பாடு கேட்டேன். ஊர்க்கவுண்டர் மேசையில் இருந்த டப்பாவைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஏனுங்க சார், பாட்டிலு சரி, சீனித்தண்ணி. இதுல இருக்கறது காயிதானுங்களே? ரெண்டும் ஒண்ணுதானா? நல்லா ரோசிச்சுச் சொல்லுங்க.”

அவர் கேட்டது மிகச் சரியான கேள்வி. அதற்குப் பதில் என் பையிலேயே, சுருட்டிய அட்டையில், இல்லை, அட்டையை வீட்டில் விட்டுவிட்டேன், என் தலையில் இருந்தது. ஆனால் பதில் சொல்லத் தொடங்கினால் மறுபடி முக்கால் மணி நேரம், மறுபடி தூக்கம்.

“ஒண்ணுதான்” என்றேன்.

ஊர்ப் பொதுவில் டப்பாவும் பாட்டிலும் புழங்கக் கூடாது என்று கட்டுப்பாடு ஆனது. அது செய்தித்தாளில் வந்தது. டப்பா, பாட்டில் இரண்டின் மேலும் சிவப்பில் பெருக்கல் குறி போட்ட சுவரொட்டி அச்சாகி மலை முழுக்க ஒட்டப்பட்டது. மேலதிகாரிகள் பாராட்டினார்கள். மற்ற வட்டாரங்களிலிருந்து அந்த வாக்கியத்தைக் கேட்டு வாங்கினார்கள்.

ஒரே ஒருவருக்கு அது பிடிக்கவில்லை. அந்த ஊரின் கிராம சுகாதாரச் செவிலியர். பணியில் சேர்ந்து இரண்டு வருடம்கூட ஆகாத பெண். சுவரொட்டியைப் பார்த்துவிட்டு, “சார், ரெண்டும் ஒண்ணில்லீங்களே” என்றார்.

“எனக்குத் தெரியாதாம்மா? சனங்களுக்குச் சுருக்கமாத்தான் சொல்லணும்” என்றேன்.

“சுருக்கமாச் சொல்லலாமுங்க சார். தப்பாச் சொல்லலாமுங்களா?”

மேசையிலிருந்த வேறு ஒரு ஃபைலை எடுத்துப் பிரித்தேன். மேலதிகாரி என்ற வசதி இப்படித்தான் பயன்படும்.

நான் ஓய்வு பெறுவதற்கு மூன்று வருடம் முன்பு, ஐப்பசி மழை விடாமல் அடித்தது. மலைச்சாலையில் மண் சரிந்து பஸ் நின்றது. அந்த ஊருக்குப் பிரியும் கிளைச்சாலை அடியோடு போயிற்று. ஊரில் ராகி இருந்தது, தோட்டத்தில் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளி இருந்தது. காய்கறி இல்லை. கீரையெல்லாம் அழுகிவிட்டது. ஊற்று கலங்கிச் செம்மண்ணாக ஓடியது. தண்ணீரைக் கொதிக்கவைக்கலாமென்றால் விறகு ஈரம்; காய்ந்திருந்த கொஞ்சம் சமையலுக்கே சரியாக இருந்தது.

மூன்றாம் நாள் கீழேயிருந்து சில இளைஞர்கள் நிவாரணப் பொருள் திரட்டி, டிராக்டரிலும் பிறகு தலைச்சுமையாகவும் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அவர்கள் மனம் நல்ல மனம். கையில் கிடைத்ததையெல்லாம் கொண்டு போயிருந்தார்கள். பட்டாணியும் பீன்ஸும் அடைத்த டப்பாக்கள் இருபது பெட்டிக்கு மேல். ஆரஞ்சு நிறக் குளிர்பானமும் அதே அளவு.

ஐந்தாம் நாள் காலை செவிலியர் எனக்குப் போன் செய்தார். நான் காரவள்ளி வீட்டில் இருந்தேன். மழை இரைச்சலில் அவர் கத்திப் பேச வேண்டியிருந்தது.

“சார், டப்பா பூராவும் பள்ளிக்கூடத்துலயே கெடக்குதுங்க. பள்ளிக்கூடத்து அடுப்பு ஊருக்குப் பொதுவுங்களே, கட்டுப்பாடு இருக்குதுன்னு யாரும் தொட மாட்டேங்கறாங்க. ஊருக்கே வெறுங்களியும் கெழங்கும்தானுங்க. நீங்க ஊர்க்கவுண்டருகிட்ட ஒரு வார்த்தை சொன்னாப் போதும். வடிச்சுக் கழுவிக் கொழம்புல போட்டுருவேனுங்க.”

“பாட்டில்?”

“அதை ஊட்டுக்கு ஊடு தூக்கிட்டுப் போயிட்டாங்க சார். ஊட்டுக்குள்ள கட்டுப்பாடு இல்லீங்களே. கேட்டா, சாரே ரெண்டும் ஒண்ணுன்னு சொல்லிட்டாரு, ஒண்ணுன்னா இனிக்கறதையே குடிச்சுட்டுப் போறோம்கறாங்க.”

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தும்விட்டேன். அந்தச் சிரிப்பு அவர் காதில் விழுந்திருக்கும்.

“சக்கரைக்காரங்க ஆறு பேரு இருக்காங்க சார் இந்த ஊருல. வெள்ளையண்ணனுக்கு வேற காலுல புண்ணு. ஊர்க்கவுண்டரு பக்கத்துலதான் நிக்கறாரு. போனக் குடுக்கட்டுங்களா?”

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். மொத்தக் கதையும் இங்கேதான் இருக்கிறது. எனக்குத் தகவல் எதுவும் குறைவில்லை. டப்பாவில் என்ன இருக்கிறது, பாட்டிலில் என்ன இருக்கிறது என்று தெரியும். சர்க்கரை நோயாளிக்கு அந்தச் சர்க்கரைத் தண்ணீர் என்ன செய்யும் என்று தெரியும். இரத்தத்தில் சர்க்கரை ஏற ஏறத் தாகம் எடுக்கும், தாகத்துக்கு அதையே குடிப்பார்கள், இன்னும் ஏறும் என்பதும் தெரியும். ஊர்க்கவுண்டர் போனுக்கு ஒரு முழம் தள்ளி நின்றார். நான் சொல்ல வேண்டியிருந்தது ஒரு வாக்கியம்: நான் சொன்னது தப்பு, பாட்டிலை விடுங்கள், டப்பாவைக் கழுவிச் சமையுங்கள்.

நான் யோசித்தது சுவரொட்டியைப் பற்றி. அதன் அடியில் என் பெயர் இல்லை. ஆனாலும் அது யாருடையது என்று எல்லாருக்கும் தெரியும்.

“வேண்டாம்மா. ரெண்டு மூணு நாள்ல ரோடு சரியாயிரும். இப்போ நாமே மாத்திச் சொன்னா, நாளைக்கு எந்த ஊர்லயும் நம்ம பேச்சை நம்பமாட்டாங்க. பாட்டிலைக் குடிக்காதீங்கன்னு நீயே சொல்லிப் பாரு.”

“நான் சொன்னாக் கேக்கறாங்களா சார்? நீங்க சொன்னதையில்ல சொல்றாங்க” என்றார். சிக்னல் போயிற்றா, அவர் வைத்துவிட்டாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

ரோடு சரியாவதற்குப் பன்னிரண்டு நாள் ஆனது. எட்டாம் நாள் வெள்ளையன் நினைவில்லாமல் கிடந்தார். புண்ணோடு காய்ச்சலும் இருந்ததால் அவருக்குக் களி இறங்கவில்லை. தாகம் மட்டும் எடுத்துக்கொண்டே இருந்தது. கலங்கின தண்ணீரைவிட மூடி போட்ட பாட்டில் சுத்தம் என்று அவரும் நம்பினார், பாப்பாத்தியும் நம்பினார். செவிலியர் இரண்டு முறை போய்ப் பாட்டில்களைப் பிடுங்கி வந்தார். அடுத்த வீட்டில் வாங்கிக்கொண்டார்கள். எட்டாம் நாள் செவிலியர் விரலில் குத்திப் பார்த்தபோது கருவி எண்ணே காட்டவில்லை. அது அளக்கக்கூடிய அளவைத் தாண்டியிருந்தது. மூங்கிலில் போர்வை கட்டி எட்டுப் பேர் மாற்றி மாற்றிச் சுமந்து, சரிவுக்கு அந்தப்பக்கம் நின்ற ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள்.

உயிர் பிழைத்தார். வலது காலில் கட்டைவிரலையும் அடுத்த இரண்டு விரல்களையும் எடுத்தார்கள்.

புண் ஏற்கெனவே மோசமாக இருந்தது, மழையில்லாவிட்டாலும் இப்படி ஆகியிருக்கலாம் என்று டாக்டர் என்னிடம் சொன்னார். அந்த ‘ஆகியிருக்கலாம்’ என்ற சொல்லைப் பல மாதம் பத்திரமாக வைத்திருந்தேன். உங்களுக்கும் இப்படிப்பட்ட சொற்களை யாராவது கொடுப்பார்கள். பொய் இல்லாத சொற்கள். அவற்றுக்குப் பின்னால் எவ்வளவு காலமும் ஒளிந்திருக்கலாம்.

ஆஸ்பத்திரியில் பார்க்கப் போனேன். வெள்ளையன் போர்வையை விலக்கிக் காலைக் காட்டினார்.

“மூங்கிலு கணுவப் புடிக்கறதே இந்தக் கட்டைவெரலுதானுங்க சார். இனி எம்பொண்டாட்டி ஏறட்டும், நான் கீழ நின்னு பொறுக்கறேன்” என்றார். பாப்பாத்தி சிரிக்கவில்லை. பிறகு வெள்ளையன் குரலைத் தாழ்த்தினார். “சார், ஒண்ணு கேக்கட்டுங்களா? டாக்டரு பாட்டிலைத்தான் திட்டறாரு. டப்பாவப் பத்தி ஒண்ணுமே சொல்லலீங்க. ரெண்டும் ஒண்ணுதானுங்களே?”

“இப்போ அதெல்லாம் எதுக்கு? நல்லா ரெஸ்ட் எடுங்க” என்றேன். வாங்கிப் போன பழத்தை மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

அதன்பின் மூன்று வருடம் பணியில் இருந்தேன். அந்த ஊருக்கு அலுவலாக நான்கு முறை போனேன். சுவரொட்டி வெளுத்துக் கிழியும் வரை சுவரில் இருந்தது. செவிலியர் மாற்றல் வாங்கிக்கொண்டு போனார். போகும்போது என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. ஓய்வு பெற்றேன், மாலை வாங்கினேன், வீட்டில் உட்கார்ந்தேன்.

ஓய்வு பெற்ற மறு வருடம், ஒரு நாள் காலை, இரண்டு பட்டாணி டப்பாக்களைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். எது என்னைக் கிளப்பியது என்று அழகாகச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. மறுபடி ஐப்பசி வந்திருந்தது. மழை பிடித்தது. அவ்வளவுதான்.

முன்பே சொல்லியனுப்பியிருந்ததால் ஊர்க்கவுண்டர் கூட்டம் கூட்டியிருந்தார். நாற்பது பேர் இருப்பார்கள். வெள்ளையன் ஓரத்தில் ஊன்றுகோலோடு உட்கார்ந்திருந்தார். மிளகு காயவைக்கும் களத்தில் காவல் வேலை செய்கிறார் என்று வழியிலேயே தெரிந்துகொண்டேன்.

எழுந்து பேசினேன். டப்பாவில் அடைத்த காயும் கலர் பாட்டிலும் ஒன்றல்ல, அன்று சொன்னதில் பிழை நேர்ந்துவிட்டது, கட்டுப்பாட்டை எடுத்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். ‘பிழை நேர்ந்துவிட்டது.’ ஏதோ மழை பெய்தது போல. முப்பது வருடம் அலுவலகக் கடிதம் எழுதிய கை அப்படித்தான் வாக்கியம் செய்யும்.

பிறகு ஒரு டப்பாவைத் திறந்து, வடித்து, குடத்துத் தண்ணீரில் இரண்டு முறை கழுவி, தட்டில் கொட்டினேன். யாரும் கை நீட்டவில்லை. வெள்ளையன் கோலை ஊன்றி எழுந்து வந்து, நாலைந்து பட்டாணியை எடுத்து வாயில் போட்டு மென்றார்.

“நல்லாவே இல்லீங்களே சார்” என்றார். “உப்புமில்ல, ஒறப்புமில்ல. இதத் திங்காமயா எம்வெரலு போச்சு?”

சிலர் சிரித்தார்கள். அவர் இன்னும் இரண்டு எடுத்து மென்றார்.

“ஆனா காயிதானுங்க. பட்டாணிதான். இது வேற, அந்தச் சீனித்தண்ணி வேறன்னு எந்நாக்குக்கே தெரியுது. படிச்சவங்க உங்களுக்கு அப்பவே தெரியலீங்களா?”

அவர் குத்திக் கேட்கவில்லை. தெரியாமல்தான் சொல்லியிருப்பேன் என்று நம்பித்தான் கேட்டார். ‘தெரியல’ என்று சொல்லியிருந்தால் அதோடு விட்டிருப்பார்.

“தெரியும்” என்றேன். “அப்பவே தெரியும். ரோடு அடைச்சிருந்தப்போ நர்ஸ் போன் பண்ணிக் கேட்டப்பவும் தெரியும். தெரிஞ்சுதான் சொல்லாம இருந்தேன்.”

சிரிப்பு நின்றது. வெள்ளையன் கையிலிருந்த பட்டாணியைத் தட்டில் திரும்பப் போட்டார். என் முகத்தைப் பார்த்தார். தம் இடத்துக்குப் போய் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு இன்றுவரை அவர் என்னிடம் பேசியதில்லை. அதைப் பற்றி எனக்கு முறையீடு இல்லை.

ஊர்க்கவுண்டர் எழுந்து பேசினார்.

“பழைய கட்டுப்பாடு இன்னியோட போச்சு. புதுசு இது. பாட்டிலு ஊருக்குப் பொதுவுலயும் வேண்டாம், இது ஒண்ணுக்கு மட்டும் ஊட்டுக்குள்ளயும் கட்டுப்பாடு, சக்கரைக்காரங்க இருக்கற ஊட்டுல அறவே வேண்டாம். பச்சைக்காயி இருக்கற வரைக்கும் பச்சைக்காயி. அது கெடைக்காத காலத்துல டப்பாவ வடிச்சு, ரெண்டு தண்ணி கழுவி, உப்புப் போடாமச் சமைச்சுக்கலாம்.” பின்னர் கூட்டத்தைப் பார்த்து, “எல்லாத்துக்கும் நெனவுல நிக்குமா?” என்றார்.

“நிக்கும், நிக்கும். எங்க வெள்ளையன் காலப் பாத்தா நிக்காதா?” என்றார் ஒரு பெண்.

சனங்களுக்கு நினைவில் நிற்காது என்று நான் மூன்று சொற்களாக வெட்டிய செய்தி அது. செவிலியர் என்னிடம் போனில் சொன்னதும் ஏறக்குறைய அதுதான். ஊர்க்கவுண்டர் சொல்லி முடிக்க அரை நிமிடம்கூட ஆகவில்லை.

கூட்டம் கலைந்தது. பாப்பாத்தி வந்து மேசையிலிருந்த திறக்காத டப்பாவை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டார். என்னைப் பார்க்கவில்லை. போகிற போக்கில் சொன்னார்:

“மழை வருது. கடைசி பஸ்ஸு போயிறப் போவுது. கெளம்புங்க.”